வெளியே நின்ற கொக்கிகள்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலையிடத்துத் தண்ணீர்த் தொட்டியருகே மேஸ்திரி கை கழுவிக்கொண்டிருந்தபோதுதான் போனில் அந்தப் படம் வந்தது. எங்கோ கடல் தாண்டிய ஒரு ஊரில், புது வீட்டு வாசலில் ஒரு மனிதர், அவர் மனைவி, முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண். படத்தை அனுப்பிய என்ஜினியரம்மா கீழே ஒரு வரி எழுதியிருந்தார். உங்கள் வீடியோவைப் பார்த்து இவரே கட்டிய வீடு, மேஸ்திரி. அவ்வளவுதான், மனுஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஈரக் கையோடு போனைத் தூக்கிக்கொண்டு போய் எலெக்ட்ரீஷியனிடம் காட்டினார், வாட்ச்மேனிடம் காட்டினார், சிமெண்ட் இறக்க வந்த லாரி டிரைவரையும் விட்டுவைக்கவில்லை.

கம்பி கட்டும் வேலையில் அவருக்கு முப்பது வருஷம். பெயர் சொல்லிக் கூப்பிடுவார் யாருமில்லை. கொக்கி என்றால்தான் தெரியும். தூணில் நிற்கும் கம்பிகளைச் சுற்றி ரிங் போடுவார்கள் இல்லையா, அந்த ரிங்கின் இரண்டு முனைகளும் தூணின் உள்பக்கம் பார்த்து நன்றாக மடங்கியிருக்க வேண்டும். அந்த மடிப்புதான் கொக்கி. பாதி மடித்து விட்டால் சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. நிலம் ஆடும்போது வெளிப்பூச்சு உதிரும், முனை வாயைத் திறக்கும், ரிங் பிரியும், தூண் போய்விடும். இதற்காக அவர் சண்டை போடாத வேலையிடம் கிடையாது. கான்கிரீட்டுக்குள் மறையப்போகும் சங்கதிக்கு எதற்கு இத்தனை மெனக்கெடல் என்று வீட்டுக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள். இவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

என்ஜினியரம்மா இருந்த அமைப்பு, நிலநடுக்கத்துக்குத் தாங்கும் வீடு கட்டும் முறைகளைப் பல நாட்டு வேலைக்காரர்களிடமிருந்து வாங்கி, எல்லோருக்கும் இலவசமாகப் பகிரும் அமைப்பு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவர்தான் இவரை அழைத்து, தங்கள் அலுவலகத்தின் பின்பக்கம் ஒரு மாதிரித் தூண் கட்டச் சொல்லி வீடியோ எடுத்தார். அங்கே ஒரு தொல்லை. கொக்கியை முழுக்க மடித்தால் அது கம்பிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது, கேமராவுக்குத் தெரியவில்லை. இவர்தான் யோசனை சொன்னார். பார்ப்பவர்களுக்குத் தெரியட்டும், பாதியில் நிறுத்தி வெளியே நீட்டிவிடுகிறேன், நிஜ வேலையில் முழுக்க உள்ளே மடியுங்கள் என்று வாயால் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் கைதட்டாத குறையாகப் பாராட்டினார்கள்.

சாயங்காலம் இன்னும் நான்கு படங்கள் வந்தன. வீடு கட்டும்போது எடுத்தவை. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். கான்கிரீட் போடுவதற்கு முந்தைய தூண், அச்சு அசலாக அவருடைய மாதிரித் தூண். அதே இடைவெளி, அதே முடிச்சு. கொக்கிகள் மட்டும் அத்தனையும் பாதி மடிந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. போட்டிருந்த சட்டையோடு பஸ் ஏறி என்ஜினியரம்மாவிடம் போனார்.

அந்த அம்மா கம்ப்யூட்டரில் தேடி எடுத்தார். பன்னிரண்டு நிமிஷ வீடியோவை யாரோ போனில் பார்ப்பதற்காக ஒரு நிமிஷமாகச் சுருக்கியிருந்தார்கள். எந்த நாட்டுக்காரருக்கும் புரியட்டும் என்று பேச்சை எடுத்துவிட்டு வெறும் இசை போட்டிருந்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் பார்த்திருந்தார்கள்.

"வெளியிடறதுக்கு முன்னாடி நானும் பாத்தேன், மேஸ்திரி. உங்க கை அவ்வளவு தெளிவா இருந்துச்சு. பேச்சே வேண்டாம்னு நெனச்சுட்டேன்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதே அதை எடுத்துவிட்டார்கள். மறுநாளே சரியான முறையைப் படம் பிடித்து, எச்சரிக்கையோடு எல்லா மொழிகளிலும் அனுப்பினார்கள். ஆனால் ஒருவர் போனிலிருந்து இன்னொருவர் போனுக்குத் தாவிப் போனதை யார் திரும்பக் கூப்பிடுவது? படம் அனுப்பியது ஒரே ஒரு குடும்பம். படம் அனுப்பாமல் கட்டி, சுவருக்கு வர்ணம் அடித்து, உள்ளே கட்டில் போட்டுப் படுத்திருப்பவர்கள் எத்தனை பேரோ. அதை நினைக்க ஆரம்பித்தால் அவருக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை.

அந்த ஒரு குடும்பத்துக்கு என்ன சொல்வது என்பதுதான் முதல் பாடு. எங்கள் ஊரில் அடிக்கடி நிலம் நடுங்கும், இனிமேல் பயமில்லாமல் தூங்குவோம் என்று அந்த மனிதர் எழுதியிருந்தார். வழி இல்லாமல் இல்லை. கூரைக்கு முட்டுக் கொடுத்து, நான்கு தூணிலும் பூச்சை உடைத்து, சுற்றிலும் புதுக் கம்பியும் ரிங்கும் கட்டி, மேலே கான்கிரீட் போட்டுத் தடிமனாக்க வேண்டும். வருஷக்கணக்காகச் சிறுகச் சிறுகக் கட்டிய வீட்டை உடை என்று எந்த வாயால் சொல்வது?

மனைவியிடம்தான் புலம்பினார். "சொன்னா அவங்க தூக்கம் போயிடும்."

அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "விழற வீடு, அவங்க தூங்கறாங்களான்னு பாத்துட்டா விழும்?"

ஒரு வெள்ளைத் தாளில் தூணை வரைந்தார், கொக்கியைப் பெரிதாக வரைந்தார். தப்பு உங்கள்மேல் இல்லை, என் கைமேல் என்று என்ஜினியரம்மாவை எழுதச் சொன்னார். அவர் அதை அந்தக் குடும்பத்தின் மொழியில் மாற்றி, தூணைத் தடிமனாக்கும் முறையையும் சேர்த்து அனுப்பினார். மேற்பார்வைக்கு அந்த ஊரிலேயே ஓர் என்ஜினியரையும் பிடித்துக் கொடுத்தார்.

பதில் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். வேலையிடத்தில் கொக்கி மேஸ்திரி யாரையும் திட்டாமல் இருப்பதைப் பார்த்து எல்லோருக்கும் பயமாகிவிட்டது. செய்தியில் எங்காவது நிலநடுக்கம் என்று வந்தால் முதலில் ஊர் பெயரைக் கேட்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தின் பின்பக்கம் போய், மழையில் துருவேறி நின்ற அந்த மாதிரித் தூணின் கொக்கிகளை இரும்புக் குழாய் மாட்டி ஒவ்வொன்றாக உள்ளே மடித்தார். இரண்டு முறிந்து கையோடு வந்தன. அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

நாற்பத்தோராம் நாள் படம் வந்தது. கூரைக்கடியில் மரக்கட்டைகள் முட்டுக் கொடுத்து நின்றன. வீடு முழுக்கச் சிமெண்ட் தூசி. இரண்டு தூண்கள் தடித்துப்போய் ஈரமாக இருந்தன. மூன்றாவதில் இன்னும் கான்கிரீட் போடவில்லை, வேண்டுமென்றே இவருக்குக் காட்டத்தான் எடுத்திருக்கிறார்கள். ரிங் ரிங்காக எண்ணிப் பார்த்தார். ஒரு கொக்கிகூட வெளியே தெரியவில்லை.

நான்காவது தூணை மட்டும் தொடவில்லை. மகள் விடமாட்டேன் என்கிறாள், அடுத்த வாரம் எப்படியும் செய்துவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். ஏன் என்று விளங்காமல் அந்தப் படத்தைப் பெரிதாக்கினார். வெள்ளைப் பூச்சின்மேல் மகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, பக்கத்தில் தேதிகள். அந்தப் பெண் தூணோடு முதுகை ஒட்டி நிமிர்ந்து நின்றாள். உச்சந்தலையை ஒட்டி ஒரு புதுக்கோடு, அதன் பக்கத்தில் இன்னும் தேதி எழுதவில்லை. பென்சில் அம்மாவின் கையில் இருந்தது.