சாயாத ராஜா

ஆட்டத்தின் நடுவில் தில்லைநாயகியின் ராஜா எழுந்து சாப்பிடப் போய்விட்டது. பந்தியில் உட்கார்ந்து பாயசத்துக்குக் காத்திருந்தது. கல்யாண மண்டபத்தில் செஸ் போட்டி வைத்தால் இப்படித்தான் ஆகும். யாரும் அலட்டிக்கொள்ளவில்லை.

அலட்டிக்கொள்ள வேண்டியவள் அவள்தான். இந்தப் போட்டியில் தோற்றவர் தன் பெயரை ஜெயித்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். போன வருடம் தோற்ற தபால்காரருக்குப் பெயர் இல்லை. மனைவி எப்போதும்போல "ஏங்க" என்றே கூப்பிடுவதால் வீட்டில் வித்தியாசம் தெரியவில்லை. அவருக்குத் தெரிகிறது. ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தார்.

எதிரே இருந்தவர் அருளானந்து. சனிக்கிழமைதோறும் கிளப்பில் அவளோடு ஆடுகிறவர்தான். ஏற்கெனவே நான்கு பெயர் வைத்திருந்தும் இன்னொன்றுக்கு அலைந்தார்.

"ராஜா இல்லாம என்னம்மா ஆட்டம்? கை குடுத்துட்டுக் கெளம்பு."

"இல்லாத ராஜாவுக்கு எப்படிண்ணே செக் வைப்பீங்க?"

நடுவர் வந்தார். "கட்டம் காலியா இருக்கக் கூடாது" என்றார்.

"அவ்வளவுதானே?"

செருப்பைக் கழற்றிவிட்டு, பலகையில் ஏறி, ராஜாவின் கட்டத்தில் நின்றாள். கட்டம் தாராளமாக இருந்தது. இரண்டு நாற்காலி போடலாம்.

அருளானந்து குதிரையால் விரட்டினார். ஒரு கட்டம் நகர்ந்தாள். மந்திரியால் விரட்டினார். இன்னொரு கட்டம். மூலைக்கு வந்ததும் ராணியைக் கொண்டுவந்து அவள் முகத்துக்கு நேரே நிறுத்தினார்.

"செக்மேட்" என்றார் நடுவர். "ராஜாவைச் சாய்ச்சிடுங்க. சாய்ச்சாத்தான் ஆட்டம் முடியும்."

"நான் சாய மாட்டேன்."

"தோத்துட்டியேம்மா!" என்றார் அருளானந்து.

"தோத்துட்டேன். அதுக்கு?"

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பள்ளிக்கூடத்தில் கேலி செய்த பெயர்தான். ரேஷன் கார்டில் தப்பாக அச்சடித்த பெயர்தான். இருந்தாலும் அவளுடையது. தூக்கிக் கொடுத்துவிட்டுப் போக அவள் என்ன ஏமாளியா?

அருளானந்துவால் அவளைத் தள்ளவும் முடியவில்லை. எதிராளியின் காயைத் தொட்டால் வெட்டியாக வேண்டும். ராஜாவை வெட்டவே கூடாது. நடுவர் சட்டப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டிவிட்டு நகம் கடித்தார்.

விடிந்தால் முகூர்த்தம். வாழைமரம் வந்தது. பலகையைச் சுற்றியே ஜமக்காளம் விரித்தார்கள். தவில்காரர் அவள் காலடியில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார். அவள் அசையவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு வந்த ஒரு பெரியவர் அண்ணாந்து பார்த்தார்.

"நீங்க யாரும்மா? பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

அருளானந்து பெயரை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டிக்கொண்டு எழுந்தார். தபால்காரர் அழுகையை நிறுத்தினார்.

"தில்லைநாயகி" என்றாள், தவில் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி. "ஆட்டம் இன்னும் முடியல."