உள்மடிப்பில் எழுதியிருந்தது

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் அட்டைப்பெட்டியிலிருந்து வந்தது. என் அடுப்புக்குப் பின்சுவரில் பதிக்க நெருப்புத் தாங்கும் பலகை ஒன்று வாங்கினேன். அந்தச் சுவருக்கு மறுபக்கம் அம்மாவின் கட்டில். பலகையை எடுத்துவிட்டுப் பெட்டியை மடக்கும்போது, யார் கண்ணிலும் படாத உள்மடிப்பில் பென்சிலால் எழுதியிருந்தது: 'மெதுவா இறக்குங்க. உள்ள இருக்கிறது எங்க வீட்டுக்காரர்.'

தொப்பென்று இறக்கிவைத்த பிறகுதான் படித்தேன். எழுதியது யார் என்று விசாரித்திருக்கலாம். விசாரித்துத் தெரிந்துவிட்டால் அப்புறம் நான் எதை எழுதுவது?

2

முதல் தொடக்கம்: 'உலையின் செந்நாக்குகள் அவள் விழிகளில்…' வேண்டாம். நெருப்பு என்றதும் என் பேனாவுக்குக் கால் தரையில் நிற்பதில்லை.

இரண்டாவது: அவள் பெட்டிக்காரி. அவர் பலகைக்காரர். ஒரே நிறுவனம், ஒரே வீடு.

இது நிற்கிறது. ஜிப்சம் தூளையும் தாவர நாரையும் குழைத்துக் குழைத்து ஆறு வருடத்தில் அவர் ஒரு பலகை கண்டுபிடித்தார். அதற்கு அவள் ஒரு பெட்டி கண்டுபிடித்தாள். பசையில்லை, ஒட்டுநாடா இல்லை. ஒற்றை அட்டை, ஏழு மடிப்பு. கண்காட்சியில் பரிசு வாங்கிய பெட்டி. சான்றிதழை அவரே கூடத்தில் மாட்டினார், ரசமட்டம் வைத்துப் பார்த்து.*

* தன் பலகைக்குக்கூட அவர் இவ்வளவு பார்த்ததில்லை என்று பட்டறையில் கேலி பேசினார்கள்.

3

சோதனைக்கூடம் வேறு ஊரில். பலகை அவளுடைய பெட்டியில், லாரியில் போகும். அங்கே உலையின் வாயில் அதைப் பொருத்துவார்கள். ஒரு பக்கம் நெருப்பு. மறுபக்கம் ஓர் ஆள், எங்கே இடுக்குத் தெரிகிறதோ அங்கே கம்பிச் சட்டத்தில் பஞ்சைப் பிடிப்பார். ஒரு மணி நேரம் பஞ்சு பற்றாமலிருந்தால் தேறியது.

முதல் தடவை நாற்பத்து நான்காவது நிமிடத்தில் பற்றியது. அவர் நாரைக் கூட்டினார். இரண்டாம் தடவை முப்பத்தொன்பதிலேயே பற்றியது. மூன்றாவதும் தோற்றால் அந்தப் பலகையையே மூட்டை கட்டிவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது. அவர் சாப்பாட்டில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார்.

இரண்டு சோதனைப் படங்களையும் அவள் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் பற்றியது கீழ் இடது மூலையில். நெருப்புக்கு இடதென்ன, வலதென்ன?

சரக்கு ஏற்றி இறக்கும் இடத்துக்குப் போய் ஒரு காலைப்பொழுது முழுக்க நின்றாள். கைப்பிடித் துளையை வலப்பக்கம் வெட்டியிருந்தாள். அதனால் யார் இறக்கினாலும் கீழ் இடது மூலைதான் முதலில் தரையில் இடித்தது. அந்த மூலையில் அட்டை ஒற்றை அடுக்காக இருந்தது. பரிசு வாங்கித் தந்த மடிப்பு அதுதான். பலகை கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டுத்தான் சோதனைக்குப் போயிருக்கிறது.

4

இந்த இடத்தில் அவளை வாய் திறக்க விடாமல் எழுதினேன். ரகசியமாக மூலையைத் திருத்துகிறாள், பலகை தேறுகிறது, சுபம். (முழுதாக மூன்று பக்கம்.) ஆனால் நார் கூடிய கலவை சீக்கிரம் எரியும். பழைய கலவைக்கு அவரைத் திருப்ப வேண்டுமென்றால் அவள் சொல்லித்தான் ஆகவேண்டும். மூன்று பக்கத்தையும் கிழித்தேன். அடுத்து அவளை அழவைத்துப் பார்த்தேன். 'கண்ணீர் பெருக அவள்…' சரிப்படவில்லை. அவள் அழுகிற ரகமில்லை.

5

அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவள் குழாயை மூடினாள்.

"பலகையில தப்பில்ல. என் பெட்டியிலதான் தப்பு. அந்த மூலை."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"முதல் தடவையே."

"அப்புறம் எதுக்கு நாரக் கூட்டுனீங்க?"

"பலகையோட மூலை கெட்டியாயிட்டா உன் பெட்டில கை வைக்க வேணாமேன்னு பாத்தேன்."

(இந்த வரியை நான் யோசித்து வைக்கவில்லை. அவரே சொன்னார்.)

அவளுக்கு வந்த கோபத்தில், நாலு பேர் உயிரைக் காக்க வேண்டிய பலகையை ஒரு சான்றிதழுக்காக உடையவிடுவீர்களா என்று கேட்டுத் தீர்த்தாள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். மறுநாள் பட்டறையில் அவள் புதுப் பெட்டி வெட்ட, அவர் அளவுகோலைப் பிடித்தார். நான்கு மூலையும் இரட்டை அடுக்கு, பசை வைத்து. பெட்டி குண்டாக, அசடு போல நின்றது.

"பாக்க நல்லாவே இல்ல," என்றாள்.

"என்னயும் கட்டிக்கிட்டல்ல."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, பசை தீர்ந்துவிட்டது, எடுத்து வாருங்கள் என்று அவரை அனுப்பினாள். தீரவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள்.

6

மூன்றாம் சோதனை. பழைய கலவை, புதுப் பெட்டி. ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் பஞ்சுக்காரர் கீழ் இடது மூலைக்குக் குனிய, அவள் தன் வீட்டுக்காரருடைய சட்டை நுனியைப்…

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. அன்றே தேறியதா, இன்னொரு வாய்ப்புக் கேட்டு அலைந்தார்களா, அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இன்று காலை அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்ச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. அம்மா அதில் முதுகு சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெட்டிக்காரியை எங்கேயாவது பார்த்தால், வீட்டுக்காரர் இங்கே பத்திரமாக இருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள்.