நூல் இல்லாத நாடா

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் நடக்கும் மாலை வகுப்பில், பன்னீர்செல்வம் சார் கரும்பலகையில் 'பேர்ஃபேஸ்டு லை' என்று எழுதினார். மறைக்கக்கூட மெனக்கெடாமல், முகம் கொஞ்சமும் கூசாமல் சொல்கிற பொய். அவரவர் கண்ணால் பார்த்ததை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்.

தணிகாசலத்துக்கு அவன் வேலை செய்யும் பட்டுக்கடைதான் ஞாபகம் வந்தது. கடையின் முன்கட்டில் ஒரு தறி. வெளியூர் வண்டி வந்து நின்றால் அவன் அதில் உட்கார்ந்து, குறுக்கு நூலை இழுத்துப் போகும் நாடாக் கட்டையை, நூலே இல்லாமல் இப்படியும் அப்படியும் ஓட்ட வேண்டும். பொங்கலிலிருந்து அதே சிவப்புச் சேலை, ஒரு விரல்கூட வளராமல் கிடந்தது. விற்கிற சேலைகள் எங்கோ விசைத்தறியில் நெய்து மூட்டையாக வந்து இறங்கும்.

'எங்கள் கடைத் தறி ஒரு பேர்ஃபேஸ்டு லை' என்று இங்கிலீஷில் எழுதிவிட்டான். பிறகுதான் சந்தேகம். வாயில்லாத தறி பொய் சொல்லுமா? அதைவிடப் பெரிய சங்கடம், பக்கத்து பெஞ்சில் முதலாளி மகன் திருமலை. அழிக்கலாமென்று ரப்பரைத் தேடும்போதே சார் தணிகாசலத்தை வாசிக்கச் சொல்லி எழுப்பிவிட்டார்.

வாசித்தான். வகுப்பே சிரித்தது. சரியான உதாரணம் என்றார் சார். திருமலையும் சிரித்தான், வீட்டில் போய்ச் சொல்லாமல் இருக்கமாட்டான். இந்த வேலை போனால் களம்பூர் ரைஸ்மில்லில் மூட்டை தூக்க வேண்டும். ஒருமுறை தூக்கி முதுகு போனவன் அவன்.

மறுநாள் காலை முதலாளி இராஜமாணிக்கம் கூப்பிட்டார்.

"இங்கிலீஷ்ல என்னமோ சொன்னியாமே. எனக்கும் சொல்லு."

சொன்னான். அர்த்தமும் கேட்டுக்கொண்டார். கோபமே வரவில்லை. வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார்.

"நான் எங்கடா பொய் சொன்னேன்? நான் வாயே தொறக்கலியே. தெனம் உக்காந்து ஓட்டிகினு கிறவன் நீ."

வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

"போ, ஜல்தியா உக்காரு."

உட்கார்ந்தான். வேனிலிருந்து இறங்கிய அம்மாள் ஒருத்தி குனிந்து, நாடா ஓடுவதை ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, கடையில இருக்கிறதெல்லாம் இப்படிக் கையால நெய்யறதுதானா? என் பொண்ணு கல்யாணத்துக்குப்பா."

முதலாளி உள்ளேயிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை.

"ஆமாங்க" என்றான் தணிகாசலம்.

குரல் தடுமாறவில்லை. முகம் சுடும் என்று காத்திருந்தான், சுடவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

அந்த அம்மாள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கடைக்குள் போனாள். பார்க்க யாருமில்லை. அவன் நாடாவை நிறுத்தவில்லை.