பெண்பிள்ளைக்கு ஆகாத கறி

"அத இங்க குடுடீ" என்று தருமன் கையை நீட்டினான்.

தணலில் சுட்ட ஆட்டு மண்ணீரலை, அந்தச் சுவரொட்டியை, தனக்கோடி மகளின் வாயருகே கொண்டுபோயிருந்தாள். அவன் அதைப் பிடுங்கி மகன் அங்கமுத்துவின் கையில் வைத்தான்.

"மருத்துவச்சி இவளுக்குத்தான் குடுக்கச் சொன்னா. இமைய இழுத்துப் பார்த்துட்டு, ஒடம்புல ரத்தமே இல்லன்னா."

"இன்னா பேசற நீ? சுவரொட்டி, ஈரலு, மட்டி எல்லாம் பொட்டப் புள்ளைக்கு ஆவாது. சூடு ஏறி, சின்ன வயசுலயே சமைஞ்சு உக்காந்துடுவா. இவன் வளந்தா கடலுக்குப் போறவன்."

அங்கமுத்துவும் பச்சையம்மாவும் இரட்டைப் பிள்ளைகள். நாலு வயது. அவன் மணலில் ஓடினால் பிடிக்க ஆள் வேண்டும். அவள் பத்தடி நடந்தால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். உதடு வெளுத்துக் கிடந்தது. சுவரைச் சுரண்டி மண்ணைத் தின்பாள். அதற்காகத் தனக்கோடி அவளை அடித்துமிருக்கிறாள்.

அந்தக் குப்பத்தில் எல்லா வீட்டுக்கும் இதுதான் வழக்கம். ஆண்கள் தின்று எழுந்தபின் சட்டியில் மிஞ்சுகிற கஞ்சித்தண்ணீர்தான் பெண்பிள்ளைக்கு.

தனக்கோடி கடலை ஒட்டிய உப்பு ஏரியில் கிளிஞ்சல் பொறுக்கப் போகிறவள். ஓடு ஒல்லாந்தர் கோட்டையின் சுண்ணாம்புக் காளவாய்க்கு. உள்ளிருக்கும் மட்டிச் சதை வீட்டு ஆண்களுக்கு. மறுநாள் மகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். நாணல் மறைவில் கலயத்தை வைத்து மட்டியை வேகவிட்டு ஊட்டினாள். முதல் நாள் பிள்ளை மூன்றுதான் தின்றது. போகப்போகக் கை நிறையக் கேட்டது. மண் தின்பது நின்றது. இரண்டு மாதம் கழித்து ஒருநாள், நண்டு ஒன்றைத் துரத்திக்கொண்டு கரை நெடுக ஓடியது. இடுப்பளவு நீரில் நின்றபடி தனக்கோடி அழுதாள்.

யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் யார் வலையிலும் மீன் படவில்லை. பழி சொல்ல அது போதும்.

நாட்டாண்மை தேசப்பன் கூட்டம் கூட்டினார். "ஆம்பள பங்கப் பொட்டப் புள்ள தின்னா ஆத்தா எப்படி மீனு குடுப்பா? இனிமே இவ ஏரியில கால் வெக்கக் கூடாது."

"எம் புள்ள ஓடுச்சு, நாட்டாமை! அத வந்து பாருங்க."

யாரும் போய்ப் பார்க்கவில்லை. தருமன் தலையைக் குனிந்துகொண்டான். பச்சையம்மா மறுபடி கஞ்சித்தண்ணீருக்கு வந்தாள். மறுபடி சுவரைச் சுரண்டினாள்.

ஐப்பசி மழையில் குப்பத்துக்குள் காய்ச்சல் வந்தது. இரண்டு பிள்ளைகளும் ஒரே பாயில் படுத்தார்கள். மூன்றாம் நாள் அங்கமுத்து எழுந்து கஞ்சி கேட்டான். பச்சையம்மா எழவில்லை.

"ரெண்டுக்கும் ஒரே காய்ச்சதான?" என்று குழி வெட்டிவிட்டு வந்த தருமன் திரும்பத் திரும்பக் கேட்டான். தனக்கோடி அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மழை விட்ட ஒரு மத்தியானம், தேசப்பனின் மருமகள் ஜெயம்மா கொல்லைப் பக்கமாக வந்தாள். முந்தானைக்குள் மூன்று வயது மகளை மறைத்திருந்தாள்.

"அக்கா, இதுவும் மண்ணு திங்குது. நடந்தா மூச்சு வாங்குது. மட்டி எந்தப் பக்கம் கெடைக்கும்னு சொல்லு. மாமனாருக்குத் தெரியாம…"

தேசப்பன் பேத்தி! தனக்கோடிக்குத் தெருவில் இறங்கி ஊரைக் கூட்டிக் கத்த வேண்டும்போல் இருந்தது. குழந்தை அவளையே அண்ணாந்து பார்த்தது. தனக்கோடி குனிந்து அதன் கீழ் இமையை இழுத்தாள். உள்ளே வெள்ளையாக இருந்தது.

கிளிஞ்சல் கூடையை எடுத்தாள். குழந்தையைத் தன் இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"தெரு வழியாவா?" ஜெயம்மா பதறினாள். "மாமா வாசல்லயே குந்திக்கினு கீறாரு. தோப்பு வழியா போலாம், அக்கா."

"ஒளிச்சு ஒளிச்சுக் குடுத்துத்தான் ஒண்ணப் பறிகுடுத்தேன். வா" என்று தனக்கோடி தெருவில் இறங்கினாள்.