வழிகாட்டியின் அம்மா

சகாதா ஊரின் அரிசி வறுவல் தொழிற்சாலையில் கினுயோவோடு வேலை பார்த்த பெண் ஒருத்தி டோக்கியோவுக்குச் சுற்றுலா போய்விட்டு வந்தாள். பக்கத்து ஊர்க்காரி. தேநீர் இடைவேளையில் எல்லாருக்கும் ஆளுக்கொரு இனிப்பைக் கொடுத்துவிட்டுக் கைபேசியில் படங்களைக் காட்டினாள். அசாகுசா கோயில் வாசலில் தொங்கும் பெரிய சிவப்பு விளக்குக்குக் கீழே கூட்டமாக நின்று எடுத்த படம். ஓரத்தில் நீலச் சீருடை, தொப்பி, வெள்ளைக் கையுறையோடு பேருந்து வழிகாட்டிப் பெண் நின்றிருந்தாள்.

"என்னமா பேசுறா தெரியுமா இந்தப் பொண்ணு! பாலத்தைத் தாண்டுறப்ப பாட்டுகூடப் பாடினா," என்றாள் படத்துக்காரி.

கினுயோ இனிப்பை வாயில் வைத்தபடியே இருந்தாள். மெல்லவில்லை. அந்த வழிகாட்டி அவள் மகள் அகானே.

நான்கு வருஷமாக மகளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அகானே புருஷனை விட்டுவிட்டு செந்தாய் நகரத்துக்குப் போனபோது, இருக்கும் இடத்தை அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். ஒருநாள் மாப்பிள்ளை யூகிஹிரோ பழக்கூடையோடு வந்து, வாசல்படியிலேயே மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் வைத்து அழுதான். ஒரே ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றான். கினுயோ விலாசத்தைக் கொடுத்தாள். அங்கே ஏதோ சண்டையாகி, போலீஸ் வந்து, விவாகரத்தில் முடிந்தது. அகானே எண்ணை மாற்றிக்கொண்டு காணாமல் போனாள். நகர அலுவலகத்தில் போய்க் கேட்டதற்கு, உங்கள் மகளின் விலாசத்தை உங்களுக்குத் தர முடியாது என்று தாழ்ந்த குரலில் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். புருஷன் பொண்டாட்டி உட்கார்ந்து பேசினால் சரியாகிவிடும் என்றுதானே நினைத்தேன், இதில் என் மேல் என்ன தப்பு என்று கினுயோ தனக்குள் பலமுறை வாதாடியிருக்கிறாள். வாதம் ஒவ்வொரு தடவையும் அவள் பக்கம்தான் தீர்ந்தது.

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுத் தொமிகோவின் கதவைத் தட்டினாள்.

"தொமி, டோக்கியோ போயிட்டு வருவோமா?"

தொமிகோ கணவனை இழந்தவள். ஊரிலேயே பெரிய சிரிப்பு அவளுடையதுதான். "என்னடி, சூரியன் மேற்கே உதிச்சிருச்சா? கடைத்தெருவுக்கே வரமாட்டே, டோக்கியோங்கறே!"

"வர்றியா இல்லையா?"

"வராமே? வழிகாட்டியோட போற பயணம்னாதான் வருவேன். அந்த ரயில் நிலையத்துக்குள்ளே தொலைஞ்சா என் எலும்புகூடக் கிடைக்காது."

அதற்குப்பின் தினமும் திட்டம்தான். சாப்பாட்டு மேசையில் வண்ணத் தாள்களைப் பரப்பிவைத்துக்கொண்டு தொமிகோ ஆசை ஆசையாகப் பேசுவாள். விலாங்குமீன் சாப்பிட வேண்டும். சுமோ மல்யுத்தம் பார்க்க வேண்டும். செர்ரிப் பூக்கும் சமயத்தில் அரண்மனை அகழியோரம் நடக்க வேண்டும். கினுயோவோ ஒரே ஒரு நிறுவனத்தின் தாளைத்தான் தொட்டாள். பயண முகவர் கடைக்குப் போனபோதும், "போன தடவை இந்த ஊர்ப்பக்கம் ஆளுங்களைக் கூட்டிட்டுப் போன வழிகாட்டி ரொம்ப நல்லாப் பேசுவாங்களாமே, அவங்க வர்ற பேருந்துலதான் எங்களைப் போடணும்," என்று பிடிவாதம் பிடித்தாள்.

கடைக்காரப் பெண் டோக்கியோவுக்குப் பேசிவிட்டு, "அவங்களுக்கு அந்த வாரம் வேலை இல்லையாம். வேற ஒருத்தங்க வருவாங்க, அவங்களும் நல்லாத்தான் பேசுவாங்க," என்றாள்.

"அப்ப வேற வாரம் பாருங்க."

இப்படியே தள்ளித் தள்ளி செர்ரிப் பூவும் போயிற்று, சுமோவும் போயிற்று. கடைசியில் மழைக்காலத்தில்தான் நாள் கிடைத்தது. தொமிகோ தலையில் அடித்துக்கொண்டாள்.

"குடை பிடிச்சிட்டுப் போய் என்னத்தைப் பாக்கப் போறோம்? அவ யாருடி, பெரிய மகாராணியா? அவ வாயால கேட்டாத்தான் கோயில் கோயிலாத் தெரியுமா?"

"சொன்னாக் கேளு தொமி. பேரு பதியறப்ப என்னை உன் தங்கச்சின்னு சொல்லு. உன் குடும்பப் பேரிலேயே போட்டுடலாம்."

"ஏன், உன் பேருக்கு என்ன கேடு?"

"ஒரே பேருன்னா ஒரே அறை ஈசியாக் கிடைக்கும்," என்றாள் கினுயோ. தொமிகோ அதை நம்பினாள்.

இந்தத் தாள்களெல்லாம் மேசைமேல் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் யூகிஹிரோ வந்தான். விவாகரத்துக்குப் பிறகும் அவன் வரப்போகத்தான் இருந்தான். குழாய் ஒழுகினால் பார்ப்பான், மூட்டை தூக்கித் தருவான். பெற்ற மகள் எட்டிப் பார்க்காத வீட்டில் இவனாவது வருகிறானே என்று கினுயோவுக்கு ஒரு ஒட்டுதல்.

"டோக்கியோவா அத்தை? அகானே அங்கேயா இருக்கா?" என்று சாதாரணமாகக் கேட்டான். "நான் ஒண்ணும் பண்ணமாட்டேன். அவ நல்லாருக்கான்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு."

கண் கலங்கியிருந்தது. கினுயோ சொல்லிவிட்டாள்.

புறப்படும் நாளன்று காலையில் அவனே காரைக் கொண்டுவந்தான். பெட்டிகளை ஏற்றினான். ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டுக் குனிந்து வணங்கி, "தொமி சித்தி, அகானேயை நான் ரொம்பக் கேட்டதாச் சொல்லுங்க," என்றான்.

"அகானேயா? அவளை நாங்க எங்கே பாக்கப் போறோம்?" என்று தொமிகோ விழித்தாள்.

ரயில் நெல்வயல்களைத் தாண்டி, கடலோரமாக ஓடும்போது கினுயோ விஷயத்தைச் சொன்னாள். விலாசம் கொடுத்த கதையைச் சொல்லவில்லை. தாய்க்கும் மகளுக்கும் ஒரு மனஸ்தாபம், திடீரென்று போய் நின்றால் கரைந்துவிடுவாள் என்று மட்டும் சொன்னாள். தொமிகோவுக்கு ஒரே குதூகலம். "அடிப்பாவி! முதல்லயே சொல்லக்கூடாதா? நல்ல சட்டையா எடுத்துட்டு வந்திருப்பேனே! சின்னப்பிள்ளையிலே என் மடியிலே கிடந்த கழுதை அது." கினுயோவின் கைப்பையில் கடுகில் ஊறப்போட்ட குட்டிக் கத்தரிக்காய் ஒரு டப்பா இருந்தது. அகானேவுக்கு அது இருந்தால் வேறெதுவும் வேண்டாம்.

மறுநாள் காலை மழை பிசுபிசுத்தது. பேருந்தின் கதவருகே குடையோடு நின்று, ஏறுகிறவர்களின் பெயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள் அகானே. சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையில் கினுயோ கேள்விப்படாத ஒரு குடும்பப் பெயர்.

"வாங்கம்மா, படியிலே தண்ணி, பார்த்து ஏறுங்க," என்று முன்னால் நின்ற கிழவியின் முழங்கையைத் தாங்கினாள். அடுத்தவளிடமும், "குடையை எங்கிட்டே கொடுங்கம்மா." அவளுக்கு அடுத்தவள் தொமிகோ.

"அகானே! என்னைத் தெரியுதா?"

அகானே நிமிர்ந்தாள். தொமிகோவைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற கினுயோவையும் பார்த்தாள். வாயில் இருந்த புன்னகை அப்படியே இருந்தது. கன்னத்து நிறம் மட்டும் போயிற்று.

"வாங்கம்மா," என்றாள் தொமிகோவிடம். பிறகு கினுயோவிடம் தலை தாழ்த்தி, "வணக்கம் மேடம். உங்க இருக்கை பின்னாலே, இடது பக்கம்."

"அகானே, நான்..."

"பின்னாலே நிறையப் பேர் நனையறாங்க மேடம். தயவுசெஞ்சு ஏறிக்குங்க."

அன்று முழுவதும் அகானேயின் குரல் ஒலிபெருக்கியில் தேனாக ஒழுகியது. எந்தப் பாலம் எப்போது கட்டியது, எந்தக் கோபுரம் எத்தனை பழசு என்று சொன்னாள். சிரிக்கவைத்தாள். பாடச் சொன்னார்கள், பாடினாள். பேருந்தில் வயதான பெண்கள்தான் அதிகம். "அம்மா, ஜன்னல் பக்கம் பாருங்கம்மா," "கால் வலிக்குதாம்மா, மெதுவா வாங்க," என்று ஒவ்வொருத்தியையும் அம்மா என்றே கூப்பிட்டாள். கினுயோ பக்கம் வந்தால் மட்டும் மேடம். மகளின் தொப்பிக்குக் கீழே தெரிந்த பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு கினுயோ உட்கார்ந்திருந்தாள். டோக்கியோவில் எதையும் அவள் பார்க்கவில்லை.

மதியம் சுமிதா ஆற்றங்கரை உணவகத்தில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும் கினுயோ டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தொமிகோவும் பின்னாலேயே வந்தாள். பேருந்தின் மறுபக்கம், கூரைக்குக் கீழே அகானே தனியாக நின்றிருந்தாள்.

"உனக்குப் பிடிக்குமேன்னு கத்தரிக்காய்..."

"பயணிகள்கிட்டேயிருந்து நாங்க எதுவும் வாங்கக் கூடாது." அகானே டப்பாவைப் பார்க்கவில்லை. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

சின்ன வயதிலிருந்து, 'நீ போ, நீ வா' என்று பேசிய பெண். கினுயோவுக்கு அந்த 'நீங்க' சுருக்கென்று தைத்தது. "ஒரு படத்திலே பார்த்தேன். பெத்தவளுக்குத் தெரியாதா? உன்னைப் பாக்கணும்னு எத்தனை மாசமாத் திட்டம் போட்டேன் தெரியுமா?"

"தெரியுது. பேரை மாத்திப் பதிஞ்சிருக்கீங்க. உங்க பேரு வந்தா என்னைக் கேக்காம ஏத்தக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லி வச்சிருந்தேன்." அகானே ஒரு அடி முன்னால் வந்தாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அம்மா." அன்றைக்கு முதல்முறையாக அந்தச் சொல்லைச் சொன்னாள். "நிஜமா?"

"தெரியாதுங்கறேன்ல."

தொமிகோவின் முகத்தில் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. "யாருக்குத் தெரியக் கூடாது? யூகிஹிரோவுக்கா?" என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கினுயோ, ஏன் பொய் சொல்றே? அவன்தானேம்மா எங்களை ஸ்டேஷன்ல கொண்டாந்து விட்டான். உன்னைக் கேட்டதாச் சொல்லச் சொன்னானே."

அகானே கத்தவில்லை. வலது கையுறையைக் கழற்றினாள். மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணி, தையல் தழும்போடு இருந்தது. அதைத் தொமிகோவிடம் காட்டினாள், அம்மாவிடம் இல்லை.

"சித்தி, செந்தாய்ல கதவு இடுக்கிலே என் கையை வச்சு அழுத்தினான். பக்கத்து வீட்டுக்காரர் வராட்டி அன்னிக்கே முடிஞ்சிருக்கும். விலாசத்தை அவனுக்கு யார் கொடுத்தாங்கன்னு கேளுங்க."

தொமிகோ கேட்கவில்லை. கினுயோவின் முகத்திலேயே பதில் இருந்தது.

"அழுதான்டி," என்றாள் கினுயோ. "தரையிலே விழுந்து அழுதான். நல்ல மனசோடதான் கொடுத்தேன்."

"எங்கிட்டேயும் அழுவான். ஒவ்வொரு தடவையும், அடிச்சு முடிச்சப்புறம்." அகானே கையுறையை மாட்டிக்கொண்டாள். "இந்த வேலை எனக்குப் பிடிச்சிருந்தது. இந்த ஊர் பிடிச்சிருந்தது. இதையும் விட்டுட்டுப் போகணும் இப்ப. சாப்பாடு ஆறுது, உள்ளே போங்க மேடம்."

மாலைவரை பேருந்தில் அதே குரல், அதே சிரிப்பு. விடுதி வாசலில் எல்லாரையும் கைகொடுத்து இறக்கிவிட்டு, கடைசி ஆள் உள்ளே போகும்வரை குனிந்து வணங்கி நின்றாள். அடுத்த நாள் வேறு ஒரு பெண் வழிகாட்டிக் கொடியோடு வந்தாள். நேற்று வந்தவருக்கு உடம்பு சரியில்லை என்றாள்.

திரும்பும் ரயிலில் தொமிகோ ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஊர் நெருங்கும்போது இந்தப் பக்கம் திரும்பினாள். "என் பேரை வச்சு அந்தப் பொண்ணை வேட்டையாடியிருக்கே."

"நான் அவளைப் பெத்தவ தொமி."

"அதை அந்தக் கைகிட்டே சொல்லு."

சகாதா நிலையத்துக்கு வெளியே யூகிஹிரோ காரோடு காத்திருந்தான். ஓடிவந்து கினுயோவின் பெட்டியை வாங்கிப் பின்னால் வைத்தான். தொமிகோவின் பெட்டிக்குக் கை நீட்டியபோது அவள் அதை மார்போடு இழுத்துக்கொண்டு, மழையில் பேருந்து நிறுத்தம் பக்கம் நடந்துவிட்டாள்.

"சித்திக்கு என்ன கோபம்?" என்று சிரித்தான். பிறகு குடையை கினுயோவின் தலைக்கு மேல் பிடித்தான். "பார்த்தீங்களா அத்தை?"

"இல்லை. வேற யாரோ வந்தா. படத்திலே பார்த்தது அவ இல்லை."

"அப்படியா?" அவன் குரல் மாறவில்லை. "முந்தாநாள் நானே அந்த ஆபீசுக்குப் போன் பண்ணினேன். நம்ம ரெண்டு குடும்பப் பேர்லயும் யாரும் இல்லைங்கறாங்க. வேற பேர் வச்சிருப்பா போல. சட்டையிலே பேர் குத்தியிருப்பாளே, என்ன பேர் போட்டிருந்தது?"

"அவ இல்லைன்னு சொன்னேனே."

"அத்தை, உங்களுக்குப் பொய் சொல்ல வராது." அவன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். இன்னொரு கையால் அவள் கையைப் பிடித்தான். பாசமாகப் பிடிப்பதுபோலத்தான் தெரியும், பார்க்கிறவர்களுக்கு. "காரில ஏறுங்க, வீட்டுக்குப் போய் நிதானமாப் பேசுவோம்."

பிடி கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. இத்தனை வருஷமாக மூட்டை தூக்கிய, குழாய் சரிசெய்த கை. இதைத்தான் நாம் நல்ல கை என்று நினைத்திருந்தோம் என்று கினுயோவுக்குத் தோன்றியது. அவள் உரக்கச் சொன்னாள், "கையை விடு." டாக்சிக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் உடனே விட்டுவிட்டு, யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோலத் தலை தாழ்த்தினான்.

பெட்டியை அவன் காரிலேயே விட்டுவிட்டு, நனைந்துகொண்டே நிலையத்துக்கு எதிரே இருந்த போலீஸ் சாவடிக்குப் போனாள். உள்ளே இளம் காவலர் ஒருவர் துண்டு கொடுத்து உட்காரச் சொன்னார். செந்தாயில் மகள் இருந்த இடத்துக்கே போய்க் கையை நசுக்கிய பழைய புருஷன் மறுபடி தேடுகிறான், வேலை செய்யும் இடம்வரை போன் போட்டுவிட்டான் என்று அவள் சொன்னதைப் பொறுமையாக எழுதிக்கொண்டார்.

"அங்கேதான் வேலை பாக்கறாங்கன்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சதும்மா?"

கினுயோ துண்டை மடியில் மடித்தாள், பிரித்தாள்.

"நான்தான் சொன்னேன்."

"செந்தாய் விலாசம்?"

"அதுவும் நான்தான்."

காவலரின் பேனா கொஞ்சம் நின்று, மறுபடி நகர்ந்தது. தகவல் சேர வேண்டிய இடத்துக்கு இப்போதே சேர்ந்துவிடும் என்றார். ஆனால் மகள் எங்கே போகிறாள், என்ன ஆகிறாள் என்று இனி அம்மாவுக்கு யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், கேட்டாலும் சொல்லக் கூடாது, அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றும் தயக்கத்தோடு சொன்னார்.

"புரியுது," என்றாள் கினுயோ. "அவ இப்பப் போட்டிருக்கற குடும்பப் பேரைச் சொல்லட்டுமா? உங்களுக்கு உதவுமா?"

"வேண்டாம்மா," என்றார் காவலர். "அதை நீங்க யார்கிட்டேயும் சொல்லாம இருந்தாப் போதும்."

வெளியே யூகிஹிரோவின் கார் இல்லை. கடைசிப் பேருந்தும் தொமிகோவை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. கினுயோ வீடுவரை நடந்தாள்.