கோணல் உழவு

ஊரில் அவருக்குக் கோணல் என்று பெயர். அவர் நிலத்தின் நடுவில் ஒரு புல்திட்டு உண்டு. ஆள்காட்டிப் பறவைகள் அங்கே வெறும் தரையில் முட்டையிடும். பன்னிரண்டு வருஷமாக, திட்டு வந்ததும் டிராக்டரை வளைத்து ஓட்டிவிடுவார். "ஸ்டியரிங் கோளாறா?" என்று பக்கத்து நிலத்துக்காரர் கேட்டுக் கேட்டே வைத்த பெயர் அது. அந்தப் பக்கத்து நிலத்துக்காரரோ நூல் பிடித்த மாதிரி நேராக உழுகிறவர்.

இப்போது வனத்துறையிலிருந்து நோட்டீஸ் வந்திருந்தது. திட்டு இனி நிரந்தரப் பாதுகாப்புப் பகுதியாம். அதை உழவோ விற்கவோ அனுமதி வாங்க வேண்டுமாம். கூடவே வானத்திலிருந்து எடுத்த படம். அதில் எல்லை என்று போட்டிருந்த சிவப்புக் கோட்டைக் கோணல் உற்றுப் பார்த்தார். அது அவருடைய டிராக்டர் போன தடமேதான். நேராக உழுதவருக்கு ஒரு கடுதாசியும் இல்லை. யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

"இன்னைக்கு நேரா உழுதுட்டு வரேன். திட்டே இல்லைன்னா எதைப் பாதுகாப்பாங்க?" என்று சாவியை எடுத்தார்.

"நோட்டீஸ் மேல கோபம்னா நோட்டீஸைக் கிழிங்க," என்றாள் மனைவி. "முட்டை என்ன பண்ணுச்சு உங்களை?"

அவர் டிராக்டரில் ஏறிக் கிளம்பினார். திட்டுக்குப் பத்தடி இருக்கும்போது வேலிக்கு வெளியே ஜீப் வந்து நின்றது. நோட்டீஸில் கையெழுத்துப் போட்ட அதிகாரி. தங்கை வயதுதான் இருக்கும். வேலி வாசலிலேயே நின்று கேட்டாள். "உள்ள வரலாமாண்ணே?"

அவர் எஞ்சினை அணைத்தார். அந்த ஆபீஸிலிருந்து இதுவரை யாரும் அவரை எதுவும் கேட்டதில்லை.

"வாம்மா. வந்து உன் கோட்டைப் பாரு. நான் போட்ட கோடு அது. நானா விட்டதை நீங்க எப்படி விடச் சொல்லலாம்?"

அவள் படத்தையும் தடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் சுருங்கிப்போயிற்று. "படத்துல புல்லுதான் தெரிஞ்சுது. விட்டு வச்ச ஆள் தெரியலண்ணே. எங்க தப்பு."

"நிரந்தரம்னு போட்டுட்டீங்களே. என் பிள்ளைங்களுக்கு நான் என்னத்தைக் கொடுக்கறது?"

"ஆட்சேபணை எழுதிக் கொடுங்க, நானும் சேர்ந்து எழுதறேன். நிரந்தரம் வேணாம், குஞ்சு போற வரைக்கும் போதும்னு. மேல ஒத்துக்குவாங்களான்னு தெரியாது."

"குஞ்சு போயிடுச்சுன்னு யார் சொல்றது?"

"நீங்கதான். உங்க அளவுக்கு எங்க ஆபீஸ்ல யாருக்குத் தெரியும்?"

கோபம் முழுசாகத் தீரவில்லை. ஆனால் அவள் திட்டை நோக்கிக் காலெடுத்து வைத்ததும் பதறிவிட்டார்.

"அங்க மிதிக்காதம்மா. நாலு முட்டை இருக்கு. டயர் தடத்துலயே வா."

டிராக்டரைக் கிளப்பி வளைத்தார். அவள் தடம் பிசகாமல் பின்னால் நடந்தாள்.

"ஸ்டியரிங் இன்னும் சரியாகலையா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"இல்லை," என்றார் கோணல். "சரி பண்ற உத்தேசமும் இல்லை."