மெஷினுக்கு ஆவணி

என் வீட்டுக்காரர் நௌஷாத்தை வச்சுக் குடும்பம் நடத்துறதுக்குத் தனித் தெம்பு வேணும். யாரு என்ன கேட்டாலும் தலையாட்டிட்டு வந்துருவாரு. அதோட மாரடிக்கிறது நான்.

தொழில் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். விதைநெல் குடோன்ல சூடும் ஈரமும் ஏறாமப் பாத்துக்கிற மெஷினை அவரு போய் மாட்டுவாரு. அந்த மெஷின் தன்னோட நிலவரத்தை நெட் வழியா எழுதி அனுப்பிக்கிட்டே இருக்கும். அதுக்குப் பேரு லாக். தஞ்சாவூர்ல எங்க வீட்டு முன்ரூம்ல இருக்கிற லினக்ஸ் சர்வர் அதை வாங்கித் தேதிவாரியா அடுக்கி, குடோன்காரர் போன்ல காட்டும். சர்வர் என் பொறுப்பு.

முதல் கிராக்கி திருக்காட்டுப்பள்ளி அமிர்தலிங்கம் ஐயா. மெஷின் மாட்டி நாலு நாளாச்சு, அவரு போன்ல ஒரு வரி வரலை. காலையில கூப்பிட்டாரு. "சம்பா விதை உள்ள கிடக்கு தம்பி. வெந்துபோனா முளைக்காது, ஊரே என்னைக் கேக்கும். சாயங்காலத்துக்குள்ள போன்ல தெரியலைன்னா கழட்டிக்கிட்டுப் போயிருங்க."

இவரு போனை வச்சுட்டு என்னைப் பாக்காமச் சொன்னாரு: "சைபுல்லா அண்ணன் ஷார்ஜாவுல விசா ரெடியா வச்சிருக்காரு. மெஷின் திரும்பி வந்தா நான் கிளம்பிடறேன் அனீஸா."

நிக்காஹ் ஆனதுலேர்ந்து பாதி வாழ்க்கையைப் போன்லயே ஓட்டினோம். மறுபடியும் ஏர்போர்ட்ல நின்னு கையாட்ட என்னால ஆகாது. ஆனா வாயில வந்தது வேற. "முதல்ல அந்தப்பக்கம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க"ன்னேன்.

உக்காந்தேன். லாக் வாங்குற சர்வீஸ் ஓடுதா? ஓடுது. டிஸ்க் ரொம்பிருச்சா? இல்லை. ஃபயர்வால் வழியை அடைச்சிருக்கா? தொறந்துதான் கிடக்கு. ஐயா போன் பாக்குற, இன்னிக்குத் தேதி போட்ட ஃபோல்டரைத் தொறந்தா தொடச்சு வச்ச மாதிரி காலி.

"அங்க எதையாவது நோண்டினீங்களா?"

"சேச்சே. நான் ஏன் நோண்டப் போறேன்?"

சர்வர் வாசல்ல என்ன வந்து விழுதுன்னு காட்டுற கமாண்டைப் போட்டேன். யா அல்லாஹ்! வரி வரியா வருது. திருக்காட்டுப்பள்ளி மெஷின்தான், சந்தேகமே இல்லை. வாசல் வரைக்கும் வந்தது உள்ள எங்க போச்சு?

மத்தியான சோறு ஆறிப்போச்சு. இவரு தட்டைக் கொண்டாந்து வச்சாரு, எடுத்துக்கிட்டுப் போனாரு, மறுபடி சுடவச்சுக் கொண்டாந்தாரு. அந்த மனுசன் மூஞ்சியைப் பாத்தா அழுகை வந்துரும்னு நான் திரும்பவே இல்லை. கடைசியா, இப்போ எந்த ஃபைல் வளருதுன்னு சர்வர் முழுக்கத் தேடச் சொன்னேன்.

ஆகஸ்ட் கடைசித் தேதிகளைப் போட்டு வரிசையா நாலு ஃபோல்டர். உள்ள நாலு நாள் லாக்கும் பத்திரமா இருக்கு. நாங்க இருக்கிறதோ ஜூலையில.

"ஏங்க! அந்த மெஷின்ல தேதியை மாத்தினது யாரு?"

திரும்பினா, தட்டைப் புடிச்சுக்கிட்டு முழிக்கிறாரு.

"பிரகதாம்பாம்மா அழுதாங்க அனீஸா." ஐயாவோட சம்சாரத்தைச் சொல்றாரு. "ஆடி மாசத்துல புதுசா எதையும் தொடங்க மாட்டாங்களாம். போன வருசம் ஆடியிலதான் மோட்டார் ரூம் கட்டினாங்களாம், அதோட மகனுக்கு ஆக்சிடென்ட். விதை வேற வேகுது, காத்திருக்கவும் முடியாது. கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க. அதான் மெஷின் தானா நேரம் சரிபண்ணிக்கிறதை நிறுத்திட்டு, ஆவணியில ஒரு முகூர்த்த நாளா அவங்களையே சொல்லச் சொல்லித் தேதி போட்டேன். மெஷினுக்கு ஆவணி பொறந்துருச்சும்மா, நாமதான் இன்னும் ஆடியில நிக்கிறோம்னேன். சிரிச்சுட்டு அவங்களே சூடம் ஏத்தி ஸ்விட்சைப் போட்டாங்க."

"இதை எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ திட்டுவே."

திட்டத்தான் வாயைத் தொறந்தேன். ஐவேளை தொழுற மனுசன், யாரோ ஒரு அம்மாவோட பயத்துக்காகப் பஞ்சாங்கம் பாத்துட்டு வந்திருக்காரு. இந்தக் கிறுக்கனைத்தான் நான் கட்டிக்கிட்டேன், இந்தக் கிறுக்கனைத்தான் எனக்குப் புடிச்சும் இருக்கு.

"சரி விடு, போய் ஜூலைக்கு மாத்திட்டு வந்துடறேன்"னு வண்டிச் சாவியை எடுத்தாரு.

"வைங்க அதை. அந்தம்மா ஏத்தின சூடத்துக்கு என்ன மரியாதை?"

மெஷின் சொல்ற தேதியைப் பாத்து அடுக்காதே, உன் கைக்கு வந்து சேந்த நேரத்தைப் பாத்து அடுக்குன்னு சர்வர்ல ஒரே ஒரு வரியை மாத்தினேன். பழசையும் எடுத்து அந்தந்த நாள்ல போட்டேன். மெஷின் ஆவணியிலயே இருக்கட்டும், யாருக்கு என்ன நட்டம்?

பொழுது சாயறதுக்கு முந்தி, அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்றப்போ ஐயா கூப்பிட்டாரு. "தெரியுது தம்பி, நாலு நாளும் தெரியுது. சூடு ஏறவே இல்லை. மெஷின் இங்கேயே இருக்கட்டும்."

இவரு போனை வச்சாரு. அப்புறம் சின்னக் குரல்ல கேட்டாரு: "அப்போ அண்ணன்கிட்ட என்ன சொல்றது?"

"என் பொண்டாட்டி விடமாட்டேங்கிறான்னு சொல்லுங்க."

"நீ விடமாட்டேன்னு எங்கிட்ட சொன்னதே இல்லையே அனீஸா."

ஆமா. ஒவ்வொரு தடவையும் பெட்டி கட்டித்தான் குடுத்திருக்கேன். "இப்போ சொல்றேன்"னேன். "போகாதீங்க."